பௌர்ணமி மாதிரி நடப்பது எப்படி

சாலிகிராமத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் ஜெசிந்தா நடத்திய பயிற்சிக்கூடத்தில் ஒரே ஒரு பாடம்தான் உண்டு. பார்வையில்லாதவர்களுக்கு, பார்வையில்லாதவர்களைப் போல நடிக்கக் கற்றுக்கொடுப்பது. புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். பிறகு, சிரித்தது தப்போ என்று சங்கடப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். ஜெசிந்தா பிறவியிலேயே பார்வையில்லாதவள். அவளுக்கே அந்த நடிப்பு லேசில் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் உரைகல் என்கிற இயந்திரம். அது பிறந்தது சினிமாக்காரர்கள் வீட்டில். மாற்றுத்திறனாளிகளைப் படத்தில் காட்டினால் உண்மையாகக் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். உண்மையாக இருக்கிறதா என்று மாற்றுத்திறனாளிகளையே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. அளந்து சொல்ல ஓர் இயந்திரம் செய்தார்கள். அதற்குப் பாடம் வேண்டுமே? மக்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்த படங்களையெல்லாம் எடுத்து ஊட்டினார்கள். பார்வையில்லாதவர் எப்படி நடப்பார், கால் விளங்காதவர் எப்படி அழுவார், காது கேளாதவர் எப்படி விழிப்பார் என்பதையெல்லாம் உரைகல் சினிமா பார்த்தே தெரிந்துகொண்டது.

அதோடு நின்றிருந்தால் நாலு மோசமான படங்களோடு போயிருக்கும். அரசாங்கம் அதை இரவல் வாங்கியதில்தான் வினை வந்தது. அந்தக் காலத்தில் பார்வையில்லாதவர்கள் எல்லோரிடமும் துணைக்குரல் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு ஒரு கேமரா, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஒரு வில்லை. எதிரில் படி இருக்கிறது, வலப்பக்கம் கதவு, வருவது உங்கள் மேலதிகாரி, முகம் சரியில்லை என்று அது காதில் சொல்லும். ஓட்டுநர் இல்லாத கார்களுக்கு, இங்கே பார்வையில்லாத ஒருவர் நிற்கிறார், நில் என்று செய்தியும் அனுப்பும். இப்படி அடுத்தவர் முகத்தையெல்லாம் படித்துச் சொல்லும் சாதனத்தைப் பார்வையுள்ளவர்கள் வைத்திருந்தால் ஊர் என்னாகும்? டாக்டர்களைச் சரிக்கட்டிச் சான்றிதழ் வாங்கி, அதைக் காதில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரை வேவு பார்த்தவர்கள் நிறையப் பேர் பிடிபட்டார்கள். டாக்டர்களை நம்ப முடியாது, உரைகல் கை நீட்டி லஞ்சம் வாங்காது என்று முடிவானது. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் உரைகல்லின் முன்னால் நடந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இயந்திரம் ‘இயல்பு’ என்றால் துணைக்குரல் கையில் இருக்கும். ‘நடிப்பு’ என்றால் அப்போதே பிடுங்கிக்கொள்வார்கள்.

ஜெசிந்தாவின் கணவன் தொபியாஸிடம் அப்படித்தான் பிடுங்கினார்கள்.

தொபியாஸ் மேல்நிலைப்பள்ளியில் வரலாறு நடத்தியவன். அவனும் பிறவியிலேயே பார்வையில்லாதவன். சோதனை அறைக்குள் அவன் நுழைந்ததும் அதிகாரியின் வளையல் சத்தம் கேட்டிருக்கிறது. சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, வணக்கம் மேடம் என்று சிரித்திருக்கிறான். பிரம்பால் ஒரு தட்டு தட்டி நாற்காலியைக் கண்டுபிடித்து, இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான். நடிப்பு என்று சொல்லிவிட்டது உரைகல். பார்வையில்லாதவர் ஒருவர் பேசுகிறவரின் முகத்தை நோக்கித் திரும்புவதை அது எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அடுத்த தடவை கொஞ்சம் தடுமாறுகிற மாதிரி காட்டுங்களேன் என்று ஜெசிந்தா கெஞ்சினாள். தொபியாஸ் கேட்கிற ஆள் இல்லை.

“எனக்குக் கண்ணு தெரியாதுங்கதுக்கு நான் வேஷம் கட்டணுமா? போடி இவளே” என்றான்.

துணைக்குரல் இல்லாமல் பழைய பிரம்பை நம்பியே பள்ளிக்கூடம் போய்வந்தான். கார்களெல்லாம் சத்தமில்லாதவையாகிவிட்ட ஊரில் பிரம்பு என்ன செய்யும்? பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கார் அவனை அடித்துத் தூக்கிப் போட்டது. நிற்க வேண்டும் என்று அந்தக் காருக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே ஆளும் இல்லை. யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது?

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் ஜெசிந்தாவின் முறை வந்தது. அவள் நடித்தாள். மேடை நாடகத்தில் ராணியாகவும் வக்கீலாகவும் கொலைகாரியாகவும் நடித்தவள், அன்றைக்குக் கையை நீட்டிக் காற்றைத் துழாவி, நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, பார்வையில்லாதவளாக நடித்தாள். நடுவில் தொபியாஸின் நினைப்பு வந்து அழுதும் விட்டாள். அழுததற்கு மதிப்பெண் கூடியது. ரொம்ப உருக்கமா இருந்துச்சும்மா என்று அந்த வளையல் அதிகாரி முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, தொபியாஸின் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். எழுந்தபோது அவளுக்குள் துக்கம் குறைந்திருந்தது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் பயிற்சிக்கூடம். முகத்தை மின்விசிறிப் பக்கம் தூக்குவது, குரல் வந்த திசையில் திரும்பாமல் இருப்பது, டம்ளரை எடுக்குமுன் மேசையெல்லாம் தடவுவது, பேசும்போது யாரோ மேலேயிருந்து கேட்பதுபோல் ஏங்குவது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். வங்கி மேலாளர், பாட்டு டீச்சர், கல்லூரிப் பெண்கள் என்று பலரும் படியேறி வந்தார்கள். கீழே மிளகாய் அரைக்கிற நெடியில் தும்மிக்கொண்டே துழாவிப் பழகினார்கள். தங்களையே கேலி செய்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோருக்கும் அவள் போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. நடிப்புக்கு நடுவில் சொந்தப் பழக்கம் ஒன்றை ஒளித்து வைக்க வேண்டும். சிலர் பேசுகிறவர் பக்கம் லேசாகத் திரும்புவார்கள், சிலர் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள், சிலர் சும்மா சிரிப்பார்கள். மானம் மிச்சமிருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நாளாக ஆக அவள் பாடத்தைச் சுருக்கிவிட்டாள் என்றும், முன்பு போல மெனக்கெடுவதில்லை என்றும் பழைய ஆட்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் போனவர்கள் எல்லோரும் தேறினார்கள்.

அந்தப் படியில்தான் ஒருநாள் அம்பலவாணன் ஏறி வந்தார்.

குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சினிமா டைரக்டர் அம்பலவாணனின் குரலைத் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? அவளுக்கு அது வேறு விதத்திலும் தெரியும். அவளுடைய இளமையில் ‘இருளில் ஒரு பௌர்ணமி’ என்ற படத்துக்கு அவர் நாயகி தேடினார். மலைக்கிராமத்தில் பாட்டுப் பாடித் திரியும், பௌர்ணமி என்கிற பார்வையில்லாத பெண். அதற்கு அவள் போயிருந்தாள். மேடையில் பெயர் வாங்கிய நடிகை, பார்வையும் இல்லை, இந்த வேஷம் எனக்கில்லாமல் யாருக்கு என்ற தைரியம். அறையில் நடந்து காட்டினாள், பாடினாள், கோபப்பட்டாள், சிரித்தாள். அவர் பேசும்போதெல்லாம் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“நடிக்கிற மாதிரி இருக்கேம்மா. குருடி மாதிரியே இல்லையே” என்றார் அம்பலவாணன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு பெரிய மனது பண்ணி, படத்தின் நாயகிக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். அந்த நடிகை நல்ல பெண். கண்ணைக் கட்டிக்கொண்டு ஜெசிந்தாவோடு சந்தைக்குப் போனாள், சமைத்தாள், ஒரு சங்கதி விடாமல் கற்றுக்கொண்டாள். படப்பிடிப்பில் அம்பலவாணன் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுத் தாடையைத் தூக்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், கோயில் படியில் உருளச் சொன்னார். படம் ஓடு ஓடு என்று ஓடியது. தொபியாஸோடு ஜெசிந்தா தியேட்டருக்குப் போனாள். திரையில் நடப்பதையெல்லாம் துணைக்குரல் இருவர் காதிலும் சொல்லிக்கொண்டு வந்தது. தொபியாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்து இருக்கைப் பெண் அழுது முடித்துவிட்டு ஜெசிந்தாவின் கையைப் பிடித்து, பாவம்மா நீ என்றாள். உரைகல்லுக்கு முதலில் ஊட்டிய படம் அதுதான். எந்தக் காட்சி உண்மை என்று சொல்வதற்காக அமைத்த குழுவுக்குத் தலைவரும் அம்பலவாணன்தான். பிறகு அரசாங்கச் சோதனைக்கு விதி எழுதியதும் அதே குழுதான்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்டது. ஒரு கண் முழுதாகப் போய், இன்னொன்றில் ஊசித்துளை அளவு வெளிச்சம் மட்டும் மிச்சம். துணைக்குரலுக்கு விண்ணப்பித்தார். வீறாப்பாக நிமிர்ந்து நடந்தார், சோதனை அறையில் எப்போதோ பழகிய அதிகாரியைக் குரலை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடிப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டது உரைகல். அது நடந்து நாளாகிவிட்டது. இப்போது இரண்டாவது வாய்ப்பு. இதிலும் தவறினால் ஏமாற்றுக்காரர் என்று பெயர் ஏறிவிடும், பிறகு ஆயுசுக்கும் கிடையாது.

அவருக்கு நடமாடுவதற்கு அது தேவைப்படவில்லை. கார் இருந்தது, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். படப்பிடிப்பில் மானிட்டரில் என்ன தெரிகிறது, யார் எங்கே நிற்கிறார்கள், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றையும் காதில் சொல்ல ஒரு குரல் வேண்டும். அது இல்லாத டைரக்டரை நம்பி யார் படம் கொடுப்பார்கள்?

“உங்ககிட்ட வந்தா தேறிடலாம்னு சொன்னாங்க. என்னை எப்படியாவது தேத்தி விட்டுடும்மா” என்றார்.

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பது அவளுக்கு நிச்சயமானது. கண் இருந்த காலத்திலேயே சரியாகப் பார்க்காதவர், இப்போது எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்?

“நல்லாச் சொல்லித் தாரேன் சார். மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்காததையும் உங்களுக்குச் சொல்லித் தாரேன்” என்றாள்.

சொன்னபடியே செய்தாள். மற்றவர்களுக்குச் சுருக்கிய பாடத்தை அவருக்கு மட்டும் ஆதியோடு அந்தமாக நடத்தினாள். பௌர்ணமி எப்படி நடந்தாளோ அப்படி நடக்கச் சொன்னாள். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, அந்த வயதில், தொந்தியோடு, மாடி முழுவதும் துழாவிக்கொண்டு போனார். மேசை முழங்காலில் இடித்தது. சோதனையில் அது இடிக்க வேண்டும் என்பதால் மறுபடியும் இடிக்கச் சொன்னாள்.

“இன்னொரு மட்டம் நடங்க சார்.”

நடந்தார்.

“பரிதாபம் போதலை. இன்னொரு மட்டம்.”

மறுபடியும் நடந்தார். வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிப்பானேன். அவர் மேசையில் இடித்துக்கொள்ளும் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தித்தித்தது. தொபியாஸ் பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் தித்திப்பு போய்விட்டது, இன்னொரு மட்டம் நடக்கச் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு அது அவமானமாகவே படவில்லை. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். இது தன்னுடைய ஷாட் என்று குதூகலித்தார். பௌர்ணமியாக நடித்தவளை விசிறியைப் பார்க்கச் சொன்னது தானேதான் என்றும், அந்தப் பெண் மாட்டேன் என்று அடம்பிடித்தாள், விடவில்லை என்றும் பெருமையாகச் சொன்னார். அவள் கேட்காமலே இயந்திரத்தின் பெருமையையும் பாடினார்.

“உரைகல்னா என்னமோ கல்லு மாதிரி கிடக்கும்னு நினைக்காதேம்மா. அது வளர்ற ஜாதி. ஆரம்பத்துல எங்க படங்களைப் பாத்துக் கத்துக்கிச்சு. இப்ப தேர்றவங்க ஒவ்வொருத்தரையும் பாத்துக் கத்துக்குது. ‘இயல்பு’ன்னு யாருக்குச் சொல்லிச்சோ, அவங்களும் அதுக்குப் பாடம். அந்த ஏற்பாட்டைக் குழுவுல சொன்னதே நான்தான்.”

“தெரியும் சார்” என்றாள் ஜெசிந்தா. “நீங்க தாடையைத் தூக்குங்க.”

நாள் போகப் போக, அவளுக்கே பிடிக்காத ஒன்று நடந்தது. அம்பலவாணன் அவளிடம் பேசப் பழகிவிட்டார். பயிற்சி முடிந்ததும் தேநீர் குடித்துக்கொண்டு ஏதாவது சொல்வார். குளியலறையில் சோப்பு கை நழுவி விழுந்து, அதைத் தேடித் தரையில் தவழ்ந்ததைச் சொன்னார். வீட்டில் எல்லோரும் தன் முன்னால் சைகையில் பேசிக்கொள்கிறார்கள் என்று சந்தேகப்படுவதைச் சொன்னார். தாத்தா என்னைப் பார்க்கலை என்று பேத்தி அழுதாளாம்.

அப்போதுதான் ஜெசிந்தா கவனித்தாள். அவர் குரல் நேராக அவள் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேசுகிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவராகவே பழகியிருக்கிறார். தொபியாஸ் இப்படித்தான் பேசுவான். எதிரில் இருப்பவனும் தன்னைப் போல ஒருத்தன்தானே, இவனைப் பிடித்துக் குழியில் தள்ளி என்ன கிடைக்கப் போகிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது. சொல்லிவிடலாம் என்றே வாயெடுத்தாள். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

“அடுத்த படம் என்ன கதை சார்?”

அவர் உற்சாகமாகிவிட்டார். தன் கதைதான் என்றார். பார்வை போன ஒரு டைரக்டர். இந்த முறை உண்மையைச் சொல்லப் போவதாகவும், அந்த சோப்பைத் தேடிய காட்சி அப்படியே வரப் போவதாகவும் சொன்னார். ஜெசிந்தாவுக்குக் கேட்கக் கேட்க மனம் இளகியது. நல்ல கதை. இவரால்தான் அதைச் சொல்ல முடியும்.

“அதுல யாரு நடிக்கா?”

பெரிய நட்சத்திரம் ஒருவரின் பெயரைச் சொன்னார். பேசி முடித்தாகிவிட்டதாம்.

“பார்வையில்லாத ஆளு யாரையாவது போடலாம்லா சார்? நடிக்கிற ஆட்கள் நிறைய இருக்காங்க. நீங்களே இப்ப அந்த எடத்துல இருக்கீங்க. உங்களுக்கு வித்தியாசம் தெரியும்லா?”

அம்பலவாணன் சிரித்தார். கோபத்தில் சிரிக்கவில்லை, அன்பாகத்தான் சிரித்தார். அதுதான் அவளுக்கு ஆகவில்லை.

“கண்ணு தெரியாதவங்களை வச்சு எப்படிம்மா படம் எடுக்கிறது? ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. முன்னாடி ஒருதடவை நெஜக் குருடி ஒருத்தி ஆடிஷனுக்கே வந்தா. பாவம், நடந்தா, பேசினா, ஆனா பாத்தா நம்ப முடியலை. கண்ணு தெரிஞ்சவ மாதிரி திமிரா என் பக்கமே திரும்பித் திரும்பிப் பேசினா. நாங்க அதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரிச்சோம்.”

“உங்களை வச்சு ஒருத்தர் அப்படிச் சிரிச்சா என்ன செய்வீங்க சார்?”

“அது வேற, இது வேறம்மா. படம்னா படம். எனக்குக் கண்ணு போச்சுங்கிறதுக்காகப் படம் எப்படி எடுக்கணும்னு மறந்துடுமா? இன்னொரு தடவை பௌர்ணமியை எடுத்தாலும் அப்படியேதான் எடுப்பேன்.”

ஜெசிந்தா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். இளகியதெல்லாம் இறுகிவிட்டது. பார்வை போனதால் இந்த மனிதர் இழந்தது சோப்பையும் பேத்தியின் முகத்தையும்தான். தன் படத்தை அவர் இன்னும் இழக்கவில்லை. அதே படத்தைப் பார்த்து வளர்ந்த இயந்திரம் தொபியாஸைக் கொன்றது, இன்னொரு படம் வந்தால் இன்னும் எத்தனை பேரைக் கொல்லுமோ. இவருக்கு இரக்கப்பட்டால் தொபியாஸுக்கு என்ன பதில் சொல்வது?

“எழுந்திருங்க சார்” என்றாள். “என் பக்கம் திரும்பிப் பேசுதீங்க. அந்தப் பழக்கம் ஆபத்து. சோதனையில் அதைச் செஞ்சா போச்சு. விசிறியைப் பாத்தே பேசுங்க. கேக்கிறவங்க எந்தப் பக்கம் இருந்தாலும் திரும்பக் கூடாது.”

அவர் தாடையைத் தூக்கினார். அன்றைக்கு ரொம்ப நேரம் பழகினார்கள். சொந்தப் பழக்கம் ஒன்றை ஒளித்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவள் அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

சோதனையன்று அவருக்குத் துணையாக அவளே போனாள். விண்ணப்பதாரரோடு ஒருவர் உள்ளே இருக்கலாம் என்பது விதி. அறையில் ஏசி ஓடியது. அதே வளையல் அதிகாரிதான். ஜெசிந்தா சத்தம் வந்த பக்கம் திரும்பி வணக்கம் சொன்னாள். அவர்களுக்கு முன்னால் அவளிடம் புதிதாகப் பயின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி அப்போதுதான் முடித்துவிட்டு வெளியே கிளம்பினாள். அவள் பிரம்பைத் தட்டிக்கொண்டு சாதாரணமாக நடந்து போகும் சத்தம் கேட்டது. போகிற போக்கில், இயல்புன்னு சொல்லிடுச்சுக்கா என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்பலவாணன் நடந்தார். எப்பேர்ப்பட்ட நடிப்பு! கை நீண்டது, காற்றைத் துழாவியது, முழங்கால் சரியான இடத்தில் மேசையில் இடித்தது. அவளுடைய துணைக்குரல் ஒவ்வொன்றையும் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தது. டம்ளரைத் தேடி மேசையெல்லாம் தடவினார். தண்ணீர் கொஞ்சம் சட்டையில் சிந்தியது. இடப்பக்கத்திலிருந்து அதிகாரி பெயர் கேட்டாள். அவர் மின்விசிறிகூட இல்லாத அந்தக் கூரையைப் பார்த்து, ஏக்கமாக, தன் பெயரைச் சொன்னார். வலப்பக்கம் போய் வயதைக் கேட்டாள். கூரையிடமே வயதையும் சொன்னார். கடைசியில் கண்ணீரும் வந்தது. அழவும் பழக்கியிருந்தாள். சினிமாவில் இத்தனை வருஷம் அவர் பிறரிடம் வாங்கிய நடிப்பையெல்லாம் மொத்தமாகத் தானே கொடுத்துவிட்டு நின்றார்.

உரைகல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு, பதிவு செய்த பெண் குரலில், எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னது.

“நடிப்பு.”

அம்பலவாணன் முதலில் காதில் சரியாக விழவில்லை என்றார். அதிகாரி சங்கடப்பட்டு மறுபடியும் இயந்திரத்தைச் சொல்ல வைத்தாள். விளக்கமும் சேர்ந்து வந்தது. விண்ணப்பதாரர் பேசுகிறவர் பக்கம் திரும்புவதில்லை, ஒலியைக் கவனிப்பதில்லை, பார்வையில்லாதவர்களிடம் காணப்படாத மிகையான அசைவுகள், சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்கு உண்மையிலேயே கண் தெரியாது, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று அவர் கத்தினார். இந்த அறையில் டாக்டருக்கு மதிப்பில்லை என்று விதி எழுதிய குழுவில் அவரும் இருந்தார் என்பதை அதிகாரி நினைவுபடுத்தவில்லை, நல்லவள்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தார்கள். அவருடைய ஆட்கள் காரை எடுத்துவரப் போயிருந்தார்கள். ஜெசிந்தா பக்கத்தில் நின்றாள். அவர் சுவரைத் தடவி, அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்ன மாதிரிதானேம்மா செஞ்சேன்? எங்க தப்பு பண்ணேன்?”

இந்தக் கணம் எப்படி இருக்கும் என்று அவள் எத்தனையோ தடவை யோசித்து வைத்திருந்தாள். கத்த வேண்டும் என்று நினைத்திருந்தாள். இப்போது கத்தத் தோன்றவில்லை. அவர் முகம் இருக்கும் பக்கம் குனிந்து, நிதானமாகச் சொன்னாள்.

“நடிக்கிற மாதிரி இருந்துச்சு சார். குருடன் மாதிரியே இல்லை.”

அவர் பிடி தளர்ந்தது. யாரோ டைப் அடிக்கிற சத்தம் உள்ளிருந்து கேட்டது. நீயா என்றார்.

“நான்தான். என் புருஷன் பேரு தொபியாஸ். இதே அறையில்தான் அவரும் நின்னாரு. பேசுதவங்க பக்கம் திரும்புனாருன்னு தோக்கடிச்சது உங்க மிஷின். அதுக்கு அப்புறம் என்கிட்ட படிச்ச ஒவ்வொருத்தரும் உங்க பௌர்ணமிக்கு நடுவுல கொஞ்சம் அவரை ஒளிச்சு வச்சுக் கொண்டுவந்தாங்க. தேறுதவங்களைப் பாத்து அது கத்துக்கும்னு நீங்கதான வழி பண்ணி வச்சீங்க? அது கத்துக்கிச்சு. இப்ப அதுக்கு அவர்தான் இயல்பு. உங்க படம்தான் நடிப்பு.”

“அப்ப நான் எப்பவும் போல, சும்மா நடந்திருந்தா?”

“தேறியிருப்பீங்க.”

அந்தப் பதில் அவருக்குள் இறங்கும் வரை அவள் காத்திருந்தாள். அதற்காகத்தானே இவ்வளவும். அவர் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இந்த முறை யாரும் சொல்லிக்கொடுத்து அழவில்லை, பழகிய அழுகை மாதிரி அது இல்லவே இல்லை. அவர் முகம் அவள் குரலின் பக்கமே, அவள் பக்கமே, திரும்பியிருந்தது. உள்ளே போய் இப்படியே நின்றால் உரைகல் ஒரு கேள்வி கேட்காமல் தேற்றிவிடும். அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆயுசுக்கும் இனி உள்ளே விட மாட்டார்கள் என்பதும் தெரியும்.

“ஒரு வார்த்தை என்கிட்ட நீ சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். “எனக்குத் தெரியாதே. யாரும் எனக்குச் சொல்லலையே.”

“சொன்னேனே சார்” என்றாள் ஜெசிந்தா. “அன்னைக்கு உங்க ஆபீஸ்ல நடந்தே காமிச்சேன். அப்ப உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது.”

அவர் என்னவோ சொல்ல வந்தார். அதற்குள், வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது, இறங்க மூன்று படி என்று துணைக்குரல் அவள் காதில் சொன்னது. ஜெசிந்தா அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு, படியிறங்கி, ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போனாள்.